சந்தவாசல் மேட்டுக்கு இருபத்திரண்டு பல்

சைக்கிள் ரிப்பேர் என்பது, செய்கிறவன் ஒருவனும் சுற்றி நின்று யோசனை சொல்கிறவர்கள் ஐந்து பேருமாகச் சேர்ந்து நடத்தும் தொழில். ஸ்பேனரும் கையுமாக ரோட்டோரம் குந்தியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் அந்த ஐந்து பேரில் ஒருவராக நின்றிருப்பீர்கள். பரவாயில்லை, நாமெல்லாம் ஒரே தொழில்தான்.

எழுபதுகளின் கடைசியில் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். அங்கிருந்து வேலைக்கான கார்டு வரும்வரை சும்மா இருக்க வேண்டாமென்று ஆரணியில் கன்னியப்பன் அண்ணனின் சைக்கிள் கடையில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவனே நான்தான் முதல். பட்டம் வாங்கியவனும் நான்தான். அதனால் எதைத் தொட்டாலும் ஒரு பயம். நான் தப்புச் செய்தால் யாரும் என்னைத் திட்டமாட்டார்கள், படிப்பைத்தான் திட்டுவார்கள்.

சுத்தமான கை

சேர்ந்த முதல் வாரம். முள்ளிப்பட்டு நெசவாளர் ஏகாம்பரம் பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் வெள்ளை வேட்டியில் சுற்றிய ஒரு மூட்டை. உள்ளே பாவு, அதாவது தறியில் ஏற்ற வேண்டிய பட்டு நூல் மொத்தமும். முதலாளியிடம் வாங்கிக்கொண்டு வீட்டுத் தறிக்குப் போகிறவர். பாவைத் தரையில் வைக்கக் கூடாது, எண்ணெய்க் கை படக் கூடாது, வெயிலிலும் நிற்கக் கூடாது. எங்கள் கடையில் இருப்பது தரை, எண்ணெய், வெயில் மட்டும்தான்.

கடைசியில் அவர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் மாதிரி கூரை நிழலில் நின்றார். நான் டியூபைக் கழற்றித் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தேன். கன்னியப்பன் அண்ணன் பெருமையாக, "பையன் பி.எஸ்ஸி." என்றார். ஏகாம்பரம் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கிரீஸ் முழங்கை வரை ஏறியிருந்தது.

"படிச்சவன் கை சுத்தமா இருக்கும்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார்.

மூணும் கல்லு

ஒரு நாள் பஸ் நிலையத்திலிருந்து ஒரு லேடீஸ் சைக்கிள் வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு நர்ஸ். சந்தவாசல் பக்கத்துக் கிராமங்களில் பிரசவம் பார்ப்பவர். பெயர் ராஜேஸ்வரி, ஊரெல்லாம் நர்ஸம்மா. சைக்கிளை பஸ் கூரையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கூரையிலிருந்து இறக்கும்போது கண்டக்டர் ஹேண்டில்பாரைக் கோணலாக்கிவிட்டார் என்று வரும் வழியெல்லாம் கண்டக்டரின் பரம்பரையை விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறார் போலிருக்கிறது.

அது பழைய சீமைச் சைக்கிள். சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா கொடுத்துவிட்டுப் போனது. பின்சக்கரத்தின் நடுவே, ஹப்புக்குள்ளேயே மூன்று கியர். இத்தனை வருஷம் சமவெளிக் கிராமங்களில் ஓட்டினார், தொல்லை இல்லை. இப்போது மலையடிவாரத்தில் நாலு கிராமத்தைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். வழியில் நல்ல மேடு. முட்டி வலிக்கிறது. நாலு கிராமத்தையும் பார்க்க முடியாவிட்டால் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுங்கள் என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம். மாற்றல் என்றால் எந்த ஊரோ. எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும் மகளை வருஷத்தின் நடுவில் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டும். எழுதிய மனு பையிலேயே இருந்தது. மடித்து மடித்து நாலாக்கி வைத்திருந்தார்.

"கியர் சைக்கிளாச்சேம்மா, மேட்டுல முதல் கியர் போட்டா ஏறுமே" என்றேன், கியர் சைக்கிளை வாழ்நாளில் தொட்டிராத நான்.

"மூணு கியர் இருக்குது தம்பி. மூணும் கல்லு" என்றார்.

பல் எண்ணியது

கன்னியப்பன் அண்ணனும் கியர் சைக்கிளைத் தொட்டதில்லை. அதை அவர் வெளியே சொல்லாமல், "பி.எஸ்ஸி. பாக்கட்டும்" என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். குண்டான ஹப். அதன் அச்சிலிருந்து ஒரு குட்டிச் சங்கிலி வெளியே வந்து மெல்லிய வயரோடு சேர்ந்து ஹேண்டில்பார் லீவர் வரை போகிறது. வயர் நன்றாக இழுத்திருந்தால் முதல் கியர், கொஞ்சம் விட்டால் இரண்டாவது, முழுக்க விட்டால் மூன்றாவது. ஹப்பைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. உட்கார்ந்து யோசித்தபோது, திறக்கவே வேண்டாமென்று தோன்றியது. உள்ளே என்ன நடந்தாலும் நடக்கட்டும். வெளியே செயின் மாட்டுகிற பின் பல்சக்கரம் பெரிதானால் மூன்று கியரும் சேர்ந்து இலகுவாகும்.

ஸ்போக் ஒன்றில் சிவப்பு நூல் கட்டினேன். பெடலை ஒரு சுற்றுச் சுற்றி, நூல் எத்தனை தடவை வருகிறதென்று எண்ணினேன். இரண்டாவது கியரில் சக்கரம் இரண்டரைச் சுற்று. முதலாவதில் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றாவதில் கிட்டத்தட்ட மூன்றரை. முன்னால் நாற்பத்தாறு பல், பின்னால் பதினெட்டு. பின்னால் இருபத்திரண்டு வைத்தால் முதல் கியர் ஒன்றரைச் சுற்றுக்கு இறங்கும், மூன்றாவது ஏறக்குறையப் பழைய இரண்டாவது மாதிரி ஆகும். போவது பழைய மூன்றாவது மட்டும்; அதை நர்ஸம்மா ஒரு நாளும் போட்டதில்லை. கணக்கு சரிதான். இருந்தாலும் பயத்தில் பதினெட்டுப் பல்லையும் சாக்பீஸால் குறித்துக் குறித்து மறுபடி மறுபடி எண்ணினேன்.

டீக்கடை பெஞ்சிலிருந்து இதையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார். "நாலு தடவ எண்ணிட்ட. ஏதாச்சும் புதுசா மொளைச்சுதா?"

ரிக்‌ஷா சம்பந்தம்

அந்த ஹப்புக்கு இருபத்திரண்டு பல் சக்கரம் ஆரணியில் கிடையாது. வேலூருக்குப் போய்வந்த ஒருவரிடம் கேட்கச் சொன்னோம், அங்கேயும் கிடையாது. கடைக்குப் பின்னால் கிடந்த பழைய இரும்பைக் கிளறியபோது, செத்துப்போன ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவின் பின் பல்சக்கரமான ஃப்ரீவீல் அகப்பட்டது. எண்ணினேன். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினேன். அப்போதும் இருபத்திரண்டு.

லேத்துப் பட்டறைக்காரர் ஒருவர் அதையும் நர்ஸம்மாவின் பல்சக்கரத்தையும் கையில் வாங்கிப் பார்த்தார். ஃப்ரீவீலின் வெளிவட்டத்தை மட்டும் பிரித்தார். நர்ஸம்மாவின் பழைய பல்சக்கரத்தில் பல்லையெல்லாம் கடைந்து எடுத்துவிட்டு, மிச்ச வட்டத்தின் மேல் ரிக்‌ஷாவின் பல்லை உட்கார வைத்துப் பித்தளை ஊற்றிப் பற்றவைத்தார். மையம் பிசகினால் செயின் ஒரு பக்கம் இறுகும், ஒரு பக்கம் தொங்கும். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் நின்று "இன்னும் ஒரு மயிரிழை இந்தப் பக்கம்" என்று ஏழெட்டுத் தடவை சொன்னேன். பரீட்சை ஹாலில் விடைத்தாளைத் திரும்பத் திரும்பப் படிக்கிற பழக்கம் எனக்கு.

"சீமைக்காரிக்கும் ரிக்‌ஷாக்காரனுக்கும் கல்யாணம் பண்ணிவெச்சிட்டேன். நாளைக்குச் சண்ட வந்தா என்கிட்ட வராத" என்று சக்கரத்தைச் சூட்டோடு என் கையில் போட்டார்.

தறி முடிச்சு

சண்டை மறுநாளே வந்தது. பெரிய பல்சக்கரத்துக்குப் பழைய செயின் எட்டவில்லை. ஒரு கண்ணி சேர்த்தேன். சேர்த்ததும் செயின் நீளமாகி, அதை இறுக்கப் பின்சக்கரத்தைப் பின்னுக்கு நகர்த்த வேண்டி வந்தது. நகர்த்தியதும் கியர் வயர் அரை அங்குலம் குட்டையாகிவிட்டது. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கெடும் வேலை எது என்று உங்களுக்கே தெரியும். உங்கள் தொழிலிலும் அது இருக்கும். ஸ்கூட்டர் வயரை வைத்துப் பார்த்தேன். தடிமனாக இருந்தது, குட்டிச் சங்கிலியில் பிடிக்கவில்லை. மத்தியான பஸ்ஸில் நர்ஸம்மா வந்துவிடுவார்.

அந்த நேரம் காற்றடிக்க வந்த ஏகாம்பரத்தைப் பார்த்ததும் கல்லூரிப் புத்தகத்தின் ஒரு பக்கம் ஞாபகம் வந்தது. ஒரே பருமனில் எடுத்தால், பட்டு இழை எஃகுக் கம்பிக்கு ஈடான உறுதி. கொஞ்சம் பட்டு நூல் கிடைக்குமா என்று கேட்டேன். அவர் கேள்வியே கேட்காமல், மடியிலிருந்த அறுந்த பட்டு நூல் சிட்டத்தை எடுத்துத் தொடையில் வைத்து முறுக்கினார். எட்டு இழை, பதினாறு இழை, அப்புறம் நான் எண்ணவில்லை. வயருக்கும் குட்டிச் சங்கிலிக்கும் நடுவே அந்தப் பட்டுக் கயிற்றைக் கட்டினோம். கன்னியப்பன் அண்ணன் பிடித்து இழுத்துப் பார்த்தார். கயிறு அசையவில்லை, சைக்கிள்தான் நகர்ந்தது. நர்ஸம்மா வந்து, ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்து, சீட்டை விட்டு எழாமலே ஏறித் திரும்பினார். முகமே மாறிவிட்டது. நான் அன்று வீட்டுக்குப் போய் எஃகையும் பட்டையும் பற்றி என் அப்பாவுக்கு அரை மணி நேரம் விளக்கினேன்.

கிளம்புமுன் ஏகாம்பரம் கயிற்றைத் தட்டிக் காட்டி நர்ஸம்மாவிடம் சொன்னது இது: "தறியில போடுற முடிச்சும்மா. பொடவ கிழிஞ்சாலும் இது அவுறாது."

முன்னால் வந்த குழந்தை

முடிச்சு அவிழவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்து நாள் நல்ல வெயில். பதினோராம் நாள் மழை. அதற்கு மறுநாள் நர்ஸம்மா கடை வாசலில் நின்றார். முட்டியில் பிளாஸ்திரி, ஹேண்டில்பாரில் காய்ந்த சேறு.

மலையடிவாரத்தில் ஒரு பிரசவத்துக்குப் போயிருக்கிறார். தூறலில் பெரிய மேட்டை எப்படியோ ஏறிவிட்டார். அடுத்த சின்ன ஏற்றத்துக்கு இரண்டாவது கியர் போட்டு, எழுந்து நின்று மிதித்திருக்கிறார். திடீரென்று பெடலில் ஒன்றுமே இல்லை. படி இருக்கிறதென்று கால் வைத்து, படி இல்லாவிட்டால் எப்படியோ அப்படி. பக்கத்து நெல் வயலில் போய் விழுந்தார். மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மிச்ச தூரத்தை நடந்திருக்கிறார். ஊர்க்காரர் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்திருக்கிறார். போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்து முடித்திருந்தார்கள். தாயும் பிள்ளையும் நலம். சேறும் தண்ணியுமாக நின்ற இவரைப் பார்த்துத்தான் அவர்கள் பயந்தார்களாம்.

நர்ஸம்மா பையிலிருந்து அந்த மனுவை எடுத்தார். தேதி மட்டும்தான் போட வேண்டியிருந்தது.

"கொழந்த எனக்கு முன்னால வந்துட்டுது தம்பி. சைக்கிள் எனக்குப் பின்னால வந்துது. நான் எதுக்கு நடுவுல?" என்றார்.

ஒப்புதல்

கன்னியப்பன் அண்ணன் என்னைப் பம்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "ஹப்பு பழசு, உள்ள தேஞ்சுபோச்சுன்னு சொல்லிடு. பேஜார் வேணாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. கடைக்குப் பெயர் கெடுமே என்ற கவலை. எனக்கும் அந்தக் கவலைதான். கூடவே, இவ்வளவு படித்தும் இப்படியா என்று எல்லோரும் கேட்பார்களே என்ற கவலையும். பழசு என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேச முடியாது. ஆனால் ஹப் தேய்ந்துவிட்டது என்றால் அந்தச் சைக்கிள் இனி உதவாது என்று அர்த்தம். நர்ஸம்மா மனுவில் தேதி போட்டுவிடுவார்.

குனிந்து பட்டுக் கயிற்றை அளந்தேன். இன்னும் ஈரம் காயவில்லை. கட்டிய அன்றைக்கு இருந்ததைவிடக் கால் அங்குலம் நீண்டிருந்தது. அவ்வளவு தளர்ச்சி போதும். இரண்டாவது கியர் இரண்டாவதிலும் இல்லாமல் மூன்றாவதிலும் இல்லாமல் நடுவில் நின்று, பெடல் சும்மா சுற்றும்.

"ஹப்புல ஒண்ணும் இல்லம்மா. பட்டு நனைஞ்சா நீளும்னு நான் யோசிக்கல. நீங்க விழுந்தது என்னாலதான்" என்றேன். கன்னியப்பன் அண்ணன் பம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நர்ஸம்மா மனுவை மறுபடி நாலாக மடித்தார். "எங்க ஆஸ்பத்திரியில இவ்ளோ ஜல்தியா யாரும் ஒத்துக்கமாட்டாங்க" என்றார்.

கொண்டை ஊசி

ஒப்புக்கொண்டதால் வயர் நீளமாகிவிடாது. நான் சக்கரத்தை முன்னால் தள்ளிப் பார்த்தேன், பின்னால் தள்ளிப் பார்த்தேன், செயினில் அரைக் கண்ணி போட முடியுமா என்று தரையில் சாக்பீஸால் படம் போட்டேன். நர்ஸம்மா ஸ்டூலில் உட்கார்ந்து பொழுது போகாமல் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை எடுத்து, சைக்கிள் சட்டத்தில் ஒட்டியிருந்த சேற்றைக் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார். வயரின் உறை வந்து முட்டி நிற்கிற இடத்தில் ஒரு சின்னக் கவ்வி உண்டு. அதில் சேறு போனது, சேற்றுக்கடியில் பழைய பச்சைப் பெயிண்ட் போனது, பெயிண்டுக்கடியில் ஒரு திருகாணித் தலை தெரிந்தது.

"இங்க ஒரு திருகாணி இருக்குது. இது சும்மாவா?"

சும்மா இல்லை. கன்னியப்பன் அண்ணன் மண்ணெண்ணெய் விட்டு அதைத் தளர்த்தினார். கவ்வி சட்டத்தின் மேல் முன்னும் பின்னும் நகரக்கூடியது. ஒரு விரற்கடை பின்னால் நகர்த்தினேன். வயரும் அதனோடு பின்னால் வந்து, குட்டிச் சங்கிலியை எட்டித் தொட்டது. பட்டும் வேண்டாம், அரைக் கண்ணியும் வேண்டாம். அந்தக் கவ்வியை நான் துணியால் குறைந்தது மூன்று முறை துடைத்திருக்கிறேன். யாரோ ஒருவர் சீமையில் உட்கார்ந்து, பின்னாளில் ஒருவன் ஆரணியில் பெரிய பல்சக்கரம் போடுவான் என்று எனக்காகவே வைத்த திருகாணி அது.

கன்னியப்பன் அண்ணன் சிரிக்கவில்லை. கல்லாப்பெட்டியைத் திறந்து சில்லறை எடுத்து என்னிடம் நீட்டினார். "எதிர்க் கடையில ஒரு அட்ட கொண்ட ஊசி வாங்கியா பி.எஸ்ஸி. டூல்ஸ் பெட்டியில கெடக்கட்டும்."

நனைத்துப் பார்த்தது

இந்தத் தடவை நர்ஸம்மா என் பேச்சை நம்பவில்லை, நானும் நம்பவில்லை. "நீ ஓட்டிக் காட்டு. அப்புறம்தான் நான்" என்றார். சைக்கிளை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு இருவரும் சந்தவாசல் போனோம். மேட்டடியில் இறங்கியதும் அவர் ஒரு வீட்டில் குடம் வாங்கி, ஹப், வயர், கவ்வி எல்லாவற்றின் மேலும் முழுத் தண்ணீரையும் கொட்டினார். கேரியரில் மருந்துப் பெட்டியைக் கட்டினார். லேடீஸ் சைக்கிளில் ஒருவன் மேடு ஏறப் போகிறான் என்ற சேதி எப்படியோ பரவி, அந்த ஊரிலும் ஐந்து பேர் வந்து நின்றார்கள்.

முதல் கியர் போட்டேன். செயின் இழுத்தது. மேடு பாதியில் செங்குத்தாகும் இடத்தில் எழுந்து நிற்கவில்லை. பயத்தில் சீட்டை விட மனமில்லை. கால் மெதுவாகச் சுற்றியது, சக்கரம் அதைவிட மெதுவாக ஏறியது, ஆனால் நிற்கவில்லை. மேலே போனதும் இறங்கி, சின்ன ஏற்றத்தில் இரண்டாவது போட்டு எழுந்து நின்று மிதித்தேன். அவர் விழுந்த அதே இடம். பெடல் காலுக்கடியில் கெட்டியாக இருந்தது. திரும்பி வந்து சைக்கிளைக் கொடுத்தேன். நர்ஸம்மா புடவையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நான் பின்னாலேயே ஓடினேன், விழுந்தால் பிடிக்கலாம் என்று. பாதி மேட்டில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

நான் மேலே போய்ச் சேர்ந்தபோது அவர் காத்துக்கொண்டிருந்தார். செயினைத் தொட்டுப் பார்த்திருப்பார் போல, கையெல்லாம் எண்ணெய். பைக்குள் தேடி, நாலாக மடித்த அந்த மனுவை எடுத்து, ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு, மறுபக்கம் இறங்குகிற சரிவை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏர்றது சரி. பிரேக்க பாத்தியா?" என்றார்.

பட்டு எஃகுக்கு ஈடான உறுதி என்று புத்தகத்தில் படித்தது இன்றைக்கும் சரிதான். அது நனைந்தால் என்ன ஆகும் என்று எந்தக் கேள்வித்தாளிலும் கேட்கவில்லை, அதனால்தான் நான் முதல் வகுப்பில் தேறினேன்.